இறங்கினால் நல்லதுதானே

ஊசி போட்டாயிற்று, சோறு வரவில்லை. விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, ஆனால் விளக்கிச் சொல்லாமல் இந்த மண்டபத்தில் ஒரு வாய்ச் சோறு கிடைக்காது போலிருக்கிறது. லூர்துமேரி டீச்சர்தான் சொன்னது. எங்கள் ஏரியா அங்கன்வாடி டீச்சர், தெருவில் எவள் மாசமாக இருந்தாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும், எங்களையெல்லாம் வேனில் ஏற்றி இந்தச் சமுதாய வளைகாப்புக்குக் கூட்டி வந்ததும் அவர்தான். "சிந்துஜா, சாதமெல்லாம் வந்து இறங்கிருச்சு, வளையல் போட்டதும் சாப்பாடுதான், உனக்கு ஊசி கீசி போடணும்னா போட்டுக்கம்மா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் மண்டபத்துப் பாத்ரூமுக்குள் போய், ஈரத் தரையில் படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொடையில் குத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எப்போதும் வயிற்றில்தான் போடுவேன். இங்கே கதவில் தாழ்ப்பாள் இல்லை, எவளாவது தள்ளிக்கொண்டு வந்து ஏழு மாச வயிற்றில் ஊசி இறங்குவதைப் பார்த்தால் பிள்ளையைக் குத்துகிறாள் என்று ஊரைக் கூட்டிவிடுவாள், அதனால் தொடை. வந்து உட்கார்ந்ததும் கழுத்தில் மாலை போட்டார்கள், கன்னத்தில் சந்தனம் தடவினார்கள், ரெண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசை வரிசையாக வயிறுகள். எல்லா வயிறும் மாலை போட்டுக்கொண்டு மேடையைப் பார்க்கிறது. வீட்டில் வளைகாப்பு நடத்த வசதி இல்லாதவளுக்கும் ஒரு வளையல் கிடைக்கட்டும் என்று அரசாங்கம் நடத்துவது, நல்ல விஷயம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஓரத்தில் பெரிய பெரிய அலுமினியச் சட்டிகள், எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், அஞ்சையும் வாழை இலை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். புளிச் சாதத்து வாசம் மட்டும் மூடிக்கு அடங்காமல் வருகிறது. மைக்கில் ஒருத்தர், "சிறப்பு விருந்தினர் அவர்கள் இதோ வந்துகொண்டே இருக்கிறார்" என்கிறார். நான் ஊசி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோதும் அதையேதான் சொன்னார். வந்துகொண்டே இருக்கட்டும். ஊசிக்குச் சிறப்பு விருந்தினரைத் தெரியாது. உள்ளே போனதும் அது தன் வேலையைத் தொடங்கிவிடும், இரத்தத்தில் கிடக்கிற சர்க்கரையை அள்ளி அள்ளித் தள்ளும், சோறு வந்ததா, போட்டோ எடுத்தார்களா என்றெல்லாம் நின்று கேட்காது.

முதலில் உதடு. எனக்கு எப்போதும் உதடுதான். கீழுதடு என்னுடையது இல்லை என்பது மாதிரி ஆகும், கடித்துப் பார்த்தால் யாரோ ஒருத்தியின் உதட்டைக் கடிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் பின்கழுத்தில் வேர்வை, அது வெயில் வேர்வை இல்லை, ஜில்லென்று இருக்கும். சரி, வந்துவிட்டது, பதற ஒன்றும் இல்லை, பதினொரு வயசிலிருந்து எனக்கு இது பழக்கம், பையில் மிட்டாய் இருக்கிறது. என் பழைய ஜாமெட்ரி பாக்ஸில்தான் வைத்திருப்பேன், தகர டப்பா, நசுங்காது. பையை மடியில் வைத்துத் துழாவி டப்பாவை எடுத்துத் திறக்கிறேன். ஒன்றும் இல்லை. ஒரு மூலையில் உடைந்த பென்சில் முனை மட்டும் கிடக்கிறது. மூடிவிட்டு மறுபடி திறக்கிறேன், என்னமோ இரண்டாவது தடவை திறந்தால் முளைத்திருக்கும் என்கிற மாதிரி. திரும்பிப் பார்க்கிறேன், கூட வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பின்னால் இருக்கிறார்கள், என் மாமியார் சகுந்தலா புதுச் சேலையில் முந்தானையை விசிறியாக்கி வீசிக்கொண்டு இருக்கிறார். கையைக் காட்டினேன், ஓடி வந்தார். "அத்தை, இதுல இருந்த மிட்டாய் எங்க?" குனிந்து என் காதுக்குள், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடாமல், "காலையிலயே எடுத்துட்டேன். கீழ் வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். ஏண்டி, சுகர வச்சுக்கிட்டு ஒளிச்சு வச்சு மிட்டாய் திங்கிறியே, வயித்துல இருக்கிறத நெனைக்க மாட்டியா? எம் மவன் தினாகிட்டகூட நான் சொல்லல. உன் மானத்தக் காப்பாத்தி வச்சிருக்கேன்." இந்தப் பொம்பளைக்கு என் மேல் பாசம், அதுதான் கொடுமை. பாசம் இல்லாதவர் என்றால் என் டப்பாவைத் தொட்டிருக்கவே மாட்டார். "அத்தை, எனக்கு இறங்குது." "என்ன இறங்குது?" "சுகர்." முகம் அப்படியே பூத்துவிட்டது. "இறங்குனா நல்லதுதானடி. இத்தன நாளா அந்த டாக்டரம்மா இறக்கு இறக்குன்னுதான உசுர எடுத்துச்சு. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா." என் தாடையைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார். போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் ஏதோ சொல்கிறார், அந்த அம்மாவும் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுகிறது. என் சர்க்கரை இறங்குகிற சந்தோஷத்தை ரெண்டு பேரும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இறங்குவது நல்லது. காய்ச்சல் இறங்கினால் நல்லது, கால் வீக்கம் இறங்கினால் நல்லது, வெங்காய விலை இறங்கினால் ரொம்ப நல்லது. தப்பு அத்தை மேல் இல்லை, அந்தச் சொல் மேல். சுகர் இருக்கிறது என்றால் சீக்காளி, சுகர் இல்லை என்றால் அதிர்ஷ்டக்காரி, சுகர் சுத்தமாக இல்லாமல் போனால் செத்துப் போவாள் என்பதற்கு ஒரு நல்ல சொல் ஏன் இல்லை. இதே சொல்லை வைத்துத்தான் போன வருஷம் முழுக்க நானும் ஓட்டினேன், அதையும் சொல்லணும். கல்யாணமான புதிதில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் மூணு மாசச் சுகர் டெஸ்டைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "பதினொண்ணு இருக்கு. இதோட நீ உண்டானா, பிள்ளைக்கு இதயமும் முதுகெலும்பும் உருவாகிற நேரத்துலயே கெட்டுப்போகலாம். நீ உண்டாயிருக்கேன்னு உனக்குத் தெரியிறதுக்குள்ள அந்த நேரம் தாண்டிரும். ஏழுக்குக் கீழ இறக்கிட்டு அப்புறம் பெத்துக்கோ. அதுவரைக்கும் தடுப்பு, இந்த ஃபோலிக் மாத்திரையும் போடு." அந்தம்மா ஒரு தடவைதான் சொன்னார், எனக்கு ஒரு தடவை போதும். தினகரனுக்கும் போதும். அவன் குட்டியானை ஓட்டுகிறவன், லோடு ஏற்றினால் வண்டி தாங்குமா தாங்காதா என்று பார்த்துத்தான் எடுப்பான், "சரி, மொதல்ல வண்டிய ரெடி பண்ணுவோம்" என்றான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன், வண்டியாம். ஆனால் யாரிடம் சொல்ல முடியும். குழாயடியில் ஒருத்தி விடாமல் கேட்பாள், "என்ன சிந்து, இன்னும் ஒண்ணும் இல்லையா?" "இருக்கு, பதினொண்ணு இருக்கு, ஏழாகணும்" என்பேன். அவளுக்கு விளங்காது, பைத்தியம் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். அத்தை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போய் மரத்தில் தொட்டில் கட்ட வைத்தார். கட்டினேன். கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தினகரனிடம் ஆணுறை வாங்கிவிட்டாயா என்று கேட்டேன். சாமிக்கு விவரம் தெரியும், அது காத்திருக்கும், மனுஷர்களுக்குத்தான் பொறுமை இல்லை. ஒவ்வொரு வேளையும் விரலைக் குத்தி, ஒவ்வொரு இட்லியையும் எண்ணி, அழுதேன், கத்தினேன், ஒரு நாள் தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தேன், ஆனால் இறக்கினேன். ஆறு புள்ளி எட்டு. டாக்டரம்மா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்சிருக்கியா?" என்றார். "பிளஸ் ஒன்ல நின்னுட்டேன்." "கணக்கு நல்லா வரும் போல." வரும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அப்புறம்தான் இது, உள்ளே உருளுகிற இது. அஞ்சாம் மாச ஸ்கேனில் இதயத்தை மட்டும் தனியாகப் பார்த்தார்கள், நாலு அறையும் ஒழுங்காக இருக்கிறது என்றார்கள். ஒழுங்காகத்தான் இருக்கும். நான் அதற்காக முன்கூட்டியே வேலை பார்த்தவள். பார்த்தவள். எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மிட்டாய்.

"என்ன பிள்ள, மூஞ்சில இப்படி வேர்த்து ஊத்துது?" பக்கத்து நாற்காலி ஜமீலா அக்கா. வேனில்தான் பழக்கம், அவருக்கு இது மூணாவது, "எனக்கு இந்த வளையல் சத்தத்துக்காகவே வருசா வருசம் உண்டாகலாம்னு இருக்கு" என்று சொல்லி வேனையே சிரிக்க வைத்தவர். "எனக்கு சுகர் கம்மியாகுதுக்கா" என்கிறேன், சொற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. "அல்ஹம்துலில்லா. எங்க மாமியாருக்கு மாத்திரை மேல மாத்திரை போட்டும் கம்மியாக மாட்டேங்குது, நீ என்ன சாப்பிடுற, வெந்தயமா?" எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு உதட்டுக்கு வருவதற்குள் திசை மாறி அழுகையாகப் பார்த்தது. "அப்படி இல்லக்கா. ரொம்பக் கம்மியாப் போயிருச்சுன்னா விழுந்துருவேன். இனிப்பு ஏதாவது வச்சிருக்கீங்களா?" அவர் என் கையைத் தொட்டுப் பார்த்ததும் விளையாட்டெல்லாம் நின்றது. "என்னடி இப்படி ஜில்லுன்னு இருக்கு." பையைக் கவிழ்த்தே விட்டார், மிளகாய்ப் பொடி தடவின மாங்காய்த் துண்டு ஒரு கவரில் இருக்கிறது, மசக்கை மாங்காய். "இதான் இருக்கு." வாங்கி மென்றேன். நாக்கு எரிந்தது, அவ்வளவுதான், ஊரில் இருக்கிற புளிப்பெல்லாம் எனக்குக் கிடைக்கும். ஜமீலா அக்கா கையைத் தட்டி, "டீச்சர், இங்க வாங்க, இந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் பொங்கல் குடுங்க" என்று கூப்பிட்டார். லூர்துமேரி டீச்சர் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, "பொங்கலா? சுகர் பிள்ளைக்கா? ஆத்தாடி, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது" என்றார். "டீச்சர், அப்ப புளிச் சாதமாச்சும்" என்றேன். "சட்டியத் தொறக்கக் கூடாதுன்னு ஆபீசரம்மா சொல்லிருக்காங்க கண்ணு. அவர் வந்து அஞ்சையும் தொறந்து வச்சுதான் போட்டோ. இந்தா வந்துருவாரு, வண்டி பாலத்துல ஏறிருச்சாம். தண்ணி குடி, வெயில்ல வந்தது அப்படித்தான் இருக்கும்." தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மைக்காரர் நேரத்தைக் கழிக்க எழுதி வைத்ததை வாசிக்கிறார், "கர்ப்பிணித் தாய்மார்கள் வேளாவேளைக்குச் சத்தான உணவு உட்கொள்ள வேண்டும், எக்காரணம் கொண்டும் பட்டினி கிடக்கக் கூடாது." எல்லாரும் கை தட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன், என் வளையல் எனக்குத் தூரத்தில் எங்கேயோ கேட்கிறது.

கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், எனக்கு எப்போதும் அப்படித்தான். மிஸ், நான் பிஸ்கட் சாப்பிடலாமா. சார், நான் வெளியே போய் ஊசி போட்டுக்கலாமா. வகுப்பே திரும்பிப் பார்க்கும். பிளஸ் ஒன் காலாண்டுப் பரீட்சையில் உதடு மரத்தது, கேட்டேன், "பரீட்சை ஹால்ல என்ன தீனி" என்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கி ஜன்னல் கட்டையில் வைத்தார் அந்த சார். எனக்கு அது தெரிந்துகொண்டே இருந்தது, மஞ்சள் பாக்கெட், வெயில் அதன் மேல் விழுந்துகொண்டு. எழுந்து போய் எடுத்திருக்கலாம். நாலு எட்டுத்தான் இருக்கும். எடுக்கவில்லை. நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன், அப்புறம் நல்ல பிள்ளையாக விழுந்தேன், டெஸ்க் விளிம்பில் பட்டு முன்பல் உடைந்தது. யாரோ சாவியைக் கொண்டு வந்து கையில் திணித்தார்களாம், வலிப்பு என்று நினைத்து. ஹெட்மிஸ்ட்ரஸ் என் அம்மாவைக் கூப்பிட்டு, "இந்த மாதிரிப் பிள்ளைய வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க, எங்களுக்கு எதுக்குப் பொல்லாப்பு" என்றார். அம்மா கெஞ்சினாள். நான், "சரி மிஸ்" என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சீக்கு வந்து படிப்பை நிறுத்திய பிள்ளை என்று எல்லாரும் சொல்கிறார்கள். சீக்காவது மண்ணாவது. சோறு தின்னக் கை தூக்க வேண்டிய இடம் எனக்கு வேண்டாம் என்று வந்தவள் நான். அப்படி வந்தவள்தான் இப்போது மறுபடி கை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அத்தை, மிட்டாய். அக்கா, இனிப்பு. டீச்சர், புளிச் சாதம். கையில் வளையல் ஏறியிருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

விழுந்தால் என்ன ஆகும். விழக் கூடாது. விழுந்தால் என்ன ஆகும் என்றுதானே யோசித்தேன், அதை முடிப்போம். மூணாம் மாசத்தில் அடுப்படியில் ஒரு தடவை விழுந்தேன், அந்த நேரத்தில் சும்மா சும்மா இறங்கும், டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தார். அத்தைக்கு ஒன்றுதான் புரிந்தது, ஊசி போட்டாள், விழுந்தாள், ஆகவே ஊசிதான் ஆகாது. "அந்தக் கருமத்த நிறுத்துடி" என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார், தினகரன் வந்து கத்தித் திறக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து நான் இறங்குவதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை, மிட்டாயைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன், அதைத்தான் திருட்டுத் தீனி என்று நினைத்திருக்கிறார். இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் விழுந்தால் பூட்டு நிரந்தரம். தினகரன் எத்தனை தடவை திறப்பான், லோடு ஏற்றி வெளியூர் போகிறவன். ஊசி இல்லாவிட்டால் எனக்கு ரெண்டு நாள், மூணு நாள், அதற்கு மேல் தாங்காது, உள்ளே இருக்கிறதற்கு அதற்கும் முன்னாலேயே. அதோடு முடிகிறதா, பெற்ற பிறகு இருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஊசிக்கான தேவை தடாலென்று குறைந்துவிடும், அன்றைக்கே அளவைக் குறைக்க வேண்டும், பால் கொடுக்கும்போது இறங்கும், கைக்கு எட்டுகிற தூரத்தில் ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டும். பாலா, சுகர்காரி பால் கொடுத்தால் பிள்ளைக்கும் சுகர் வரும் என்று அத்தையின் தங்கச்சி போன வாரம் வந்து உட்கார்ந்து தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். கொடுப்பேன். என் பால், என் பிள்ளை, டாக்டரம்மா கொடு என்கிறார், தீர்ப்பு சொன்னவருக்கு வேண்டாம் என்றால் அவர் குடிக்க வேண்டாம். பிள்ளைக்குமே இறங்கலாம். உள்ளே என் சர்க்கரைக்குப் பழகினது, வெளியே வந்ததும் திடீரென்று அது கிடைக்காது, குதிகாலில் குத்திப் பார்ப்பார்கள், உடனே பால் கொடுக்க வேண்டும். அது கை தூக்கிக் கேட்காது. உதடு மரக்கிறது என்று சொல்லாது. கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடக்கும், சுற்றி நிற்கிறவர்கள், பாரு எவ்வளவு சமத்தாகத் தூங்குகிறது என்பார்கள், இறங்கிவிட்டது என்று நர்ஸ் சொன்னால், இறங்கினால் நல்லதுதானே என்பார்கள். இல்லை என்று சொல்ல அங்கே ஒருத்தி முழித்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்த ஒருத்தி நான்தான். வேறு ஆள் இல்லை. ஆகவே விழக் கூடாது. ஆகவே. மாலையில் இருந்து ஒரு ரோஜா இதழ் மடியில் விழுந்து கிடக்கிறது, அதை எடுக்கப் போனால் விரல் அதற்கு அந்தப் பக்கம் போகிறது. மறுபடி போகிறது. மேலே மின்விசிறி சுற்றுகிறதா, மண்டபம் சுற்றுகிறதா, ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் தெரிந்துவிடும். இது நல்லதில்லை. எழுந்திரு. எழுந்திருக்கணும் என்று நினைத்தாயிற்று, நினைத்ததே எழுந்த மாதிரி இருக்கிறது, குனிந்து பார்த்தால் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். காலே, உன்னிடம்தான் சொல்கிறேன். எழுந்திரு. யாரிடமும் கேட்காதே.

எழுந்துவிட்டேன். ஜமீலா அக்கா, "எங்கடி போற, பிடிச்சுக்கோ" என்று இடுப்பில் கை கொடுக்கிறார், நான் மேடையைக் காட்டுகிறேன், ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் கூடவே நடக்கிறார், மூணு படி, ஒவ்வொரு படிக்கும் அவர் மூச்சும் என் மூச்சும் ரெண்டு வயிறும் சேர்ந்து ஏறுகிறது. மேடையில் மைக்குக்குப் பக்கத்தில் மேஜை, அதில் வரவேற்புத் தட்டு, சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, ஒரு கிண்ணம் நிறையக் கல்கண்டு. பக்கத்தில் லட்டுப் பெட்டியும் இருக்கிறது. லட்டு வேண்டாம். லட்டில் நெய், மெதுவாகத்தான் ஏறும், எனக்கு இப்போதே ஏற வேண்டும், தலை இத்தனை குழம்பியும் இது மட்டும் தெளிவாக இருக்கிறது. கல்கண்டில் கையை விட்டு அள்ளி வாயில் போட்டேன். கடித்தேன். அது உடைகிற சத்தத்தை மைக் வாங்கி மண்டபம் முழுக்க விட்டது, ஜல்லி அரைக்கிற மாதிரி. "ஏம்மா, ஏம்மா, அது விருந்தினருக்கு" என்று மைக்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார், நான் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், தட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். கீழே எழுந்துவிட்டார்கள். "சுகர் பிள்ளைம்மா அது, தடுங்க" என்று லூர்துமேரி டீச்சரின் குரல். அத்தை ஓடி வருகிறார், புதுச் சேலை தடுக்கத் தடுக்க, "ஐயோ பிள்ளையக் கொன்னுருவா, பிடிங்க அவள" என்று படியேறி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார், கிண்ணத்தைப் பிடுங்கப் பார்க்கிறார், நான் விடவில்லை, ரெண்டு பேர் கைக்கும் நடுவில் ரெண்டு வளையல் நொறுங்கிக் கீழே விழுந்தது. மண்டபமே மூச்சை உள்ளே இழுத்தது. வளைகாப்பில் வளையல் உடையக் கூடாது. அத்தையின் முகத்தில் இரத்தமே இல்லை, கையை விட்டுவிட்டார். "உடையட்டும் அத்தை" என்றேன், வாய் நிறையச் சர்க்கரை, சொல் வழுக்கிக்கொண்டு வருகிறது, "வளையல் வேற போட்டுக்கலாம். எனக்கு இறங்குது. இறங்கினா செத்துருவேன். நானும் போயிருவேன், அதுவும் போயிரும். இந்த இறங்குறது நல்லது இல்ல." ஜமீலா அக்கா குறுக்கே வந்து நின்றுகொண்டார், "கையத் தொட்டுப் பாருங்கம்மா, ஐஸ் மாதிரி இருக்கு. தின்னட்டும், விடுங்க." அத்தை தொட்டார். என் கழுத்தைத் தொட்டார், வேர்வையில் விரல் நனைந்ததும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இப்படி இருக்கும்னு ஏண்டி எங்கிட்ட சொல்லல?" "சொன்னேன். இப்பத்தான சொன்னேன்." "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்றார், முந்தானையால் என் பின்கழுத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே. பேசுவோம். பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது, குஷன் வைத்து, மேலே வெள்ளை டவல் விரித்து, நடுவில் தனியாக. உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு கை கல்கண்டு. வாசலில் வெடிச் சத்தம், மேளம், "வந்துட்டாரு, வந்துட்டாரு", ஆபீசரம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், எல்லா வயிறும் மாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது, சில பேருக்கு எழுந்திருக்கவே முடியவில்லை, பசி. வெள்ளை வேட்டி ஒன்று நாலைந்து வெள்ளை வேட்டிகளோடு படியேறி வந்து என்னைப் பார்க்கிறது, நாற்காலியைப் பார்க்கிறது, மறுபடி என்னைப் பார்க்கிறது. போட்டோக்காரன் கேமராவை ஏற்றி இறக்கி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். "எந்திரிம்மா, ஐயா உக்காரணும்" என்று மைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொல்கிறார். உதடு கொஞ்சம் கொஞ்சமாக என்னுடையதாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், சர்க்கரை போட்டுக்கொண்டால் கால் மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், அப்புறம் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. "கால் மணி நேரம் ஆகும்" என்கிறேன். மைக் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மண்டபத்துக் கடைசி வரைக்கும் கேட்கிறது. "அதுவரைக்கும் இவங்களுக்குச் சோறு போடுங்க."